வேலையை விட்டுவிட்டு பனியன் தொழிலில் இறங்கலாமா?

கேள்வி, 8 ஜூன் 2025

வணக்கம். வயது 28. கோவையில் ஐடி கம்பெனியில் வேலை. கையில் எட்டு லட்சம் சேமிப்பு இருக்கிறது. சொந்தமாக டி-ஷர்ட் பிராண்டு ஆரம்பிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. டிசைன்கள் தயார், பெயரும் முடிவு செய்துவிட்டேன். என்னைப் பொறுத்தவரை தொழிலில் ஜெயிக்க இரண்டே விஷயம்தான் வேண்டும்: நல்ல ஐடியா, வேலையை விடும் துணிச்சல். பணம் தானாகப் பின்னால் வரும். திருப்பூரில் தொழில் செய்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

9 ஜூன் 2025

பணம் பின்னால்தான் வரும் தம்பி, அதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு நாள் கழித்து வரும், அதுவரை நீங்கள் எதை வைத்து ஓட்டுவீர்கள் என்பதுதான் கேள்வி. என் கண் முன்னால் மூடிய கம்பெனிகளில் ஐடியா இல்லாமல் மூடியவை குறைவு. ஆர்டர் இல்லாமல் மூடியவைகூடக் கொஞ்சம்தான். கை நிறைய ஆர்டர் இருக்கும்போதே மூடியவைதான் அதிகம். நாளைக்குக் கணக்கோடு எழுதுகிறேன்.

10 ஜூன் 2025

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து, சூப்பர்வைசர் ஆகி, பிறகு சொந்தமாகத் தையல் யூனிட் போட்டவள். திருப்பூர் அங்கேரிபாளையம் பக்கம். முதலில் ஜாப் ஒர்க் மட்டும் செய்தேன், அதாவது மற்றவர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. இப்போது உள்நாட்டு மார்க்கெட்டுக்கு டி-ஷர்ட்டும் குழந்தைகள் உடுப்பும் சொந்தமாகப் போடுகிறேன். 'திருப்பூரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு முதலாளி மேல்தான் விழும்' என்று எங்கள் ஊரில் விளையாட்டாகச் சொல்வார்கள். அந்த முதலாளிகளில் பாதிப் பேர் ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்தவர்கள்தான்.

சரி, கணக்கு. சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம், அதாவது துணி சதுர மீட்டருக்கு 180 கிராம். வெட்டுக் கழிவையும் சேர்த்து ஒரு பீஸுக்கு 200 கிராம் துணி. சாயம் போட்டு காம்பாக்டிங் (துவைத்தால் சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) முடித்த துணி கிலோ 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், துணி மட்டும் 90. கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 32. பிரிண்ட் 12. லேபிள், தையல் நூல், பாலிபேக் 5. டேமேஜுக்கு 3. மொத்தம் 142. கடைக்காரருக்கு 165-க்குக் கொடுக்கிறீர்கள். பீஸுக்கு 23 ரூபாய். விலை மாறும், பார்ட்டிக்குப் பார்ட்டி (சரக்கு வாங்குபவரைத்தான் பார்ட்டி என்போம்) வித்தியாசம் வரும், ஆனால் அடித்தளம் இதுதான்.

வாரம் ஆயிரம் பீஸ் போடுகிறீர்கள். வாரம் 23,000 ரூபாய் நிற்கிறது. மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். வாடகை, கரண்ட் பில், ஆட்டோ எல்லாம் இதில் கழியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது நாட்களைப் பாருங்கள். நூல் வாங்கி, துணி பின்ன நிட்டிங் விட்டு, சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங் முடித்து, வெட்டி, பிரிண்ட் போட்டு, தைத்து, பேக் செய்ய நான்கு வாரம். சரக்கு போன பிறகு கடைக்காரர் கொடுப்பது 75 நாள் கழித்து, அதாவது ஏறக்குறைய 11 வாரம். ஆக, இன்று போடும் பணம் திரும்பி வர 15 வாரம். ஒவ்வொரு வாரமும் 1,42,000 போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், 15 வாரம். 21 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் எப்போதும் வெளியிலேயே நிற்கும். இதைத்தான் இங்கே 'ரோலிங்' என்கிறோம்.

இதில் நிறைய பேர் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. ஆர்டர் இரண்டு மடங்கானால் இன்னொரு 21 லட்சம் வேண்டும். லாபம் வந்து அந்தப் பணம் சேர்வதற்குள் ஆர்டர் வந்துவிடும். சந்தோஷத்தில் ஒப்புக்கொள்வோம். ரெண்டு வட்டிக்கு வெளியில் வாங்குவோம். 21.3 லட்சத்துக்கு மாதம் 42,600 வட்டி. ஒரு லட்சத்தில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போய்விட்டது. கை நிறைய ஆர்டர் இருக்கும்போதே மூடினார்கள் என்று நேற்று சொன்னது இதைத்தான்.

உங்கள் எட்டு லட்சத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

11 ஜூன் 2025

கணக்கைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்: 'முழு 142-ம் முதல் நாளே போவதில்லையே. நூலுக்கு முப்பது நாள் கடன் கிடைக்கும், தையல் கூலி கடைசி வாரத்தில்தான் போகும்.' சரியான பேச்சு. அப்படிப் பார்த்தால் 12 வாரம் என்று வைக்கலாம், 17 லட்சம் ஆகிறது. ஆனால் நூல்காரர் முதல் நாளே கடன் கொடுக்க மாட்டார். புது ஆளுக்கு ரொக்கம்தான். அந்த மூன்று வாரத்தைச் சம்பாதிக்கவே சில வருடம் ஆகும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

14 ஜூன் 2025, சனி இரவு

இன்று சம்பள நாள். இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை என்றால் நமக்குக் கஷ்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் யூனிட்டில் நின்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். ஒன்றரை ஷிப்ட் முடிய எட்டரை. ஏழு மணிக்கே மெஷின் சத்தம் ஒரு மாதிரி மாறும். கை ஓடும், கண் என் மேஜைப் பக்கம் இருக்கும். ஓவர்லாக் மெஷினில் இருக்கும் அம்மா சீட்டுப் பணம் கட்ட வேண்டும். பேட்லாக் மெஷின் டெய்லர் ஒடிசாவில் இருக்கும் வீட்டுக்கு ராத்திரியே போனில் அனுப்ப வேண்டும். பிசிறு வெட்டும் பாட்டிக்கு மறுநாள் சந்தை. அவர்களிடம் போய் 'பார்ட்டி செவ்வாய்க்கிழமை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்' என்று சொல்ல முடியாது. சொன்னாலும் ஒரு தடவைதான் செல்லும். இரண்டாவது தடவை சொன்னால் திங்கட்கிழமை அவர்கள் பக்கத்து யூனிட் மெஷினில் இருப்பார்கள். அதில் அவர்கள் மேல் குற்றமே இல்லை.

அதனால் சம்பளப் பணத்தை வியாழக்கிழமையே தனிக் கணக்கில் எடுத்து வைத்துவிடுவேன். அந்தப் பணத்தில் கை வைப்பதில்லை, நூல் மலிவாகக் கிடைத்தாலும். துணிச்சல் என்று கேட்டீர்களே தம்பி, மலிவு நூலை வேண்டாம் என்று சொல்லவும் துணிச்சல் வேண்டும்.

15 ஜூன் 2025

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: 'அப்படியானால் இறங்கவே கூடாதா அக்கா?'

யார் சொன்னது? இறங்குங்கள். வேலையை விட்டுவிட்டு இறங்க வேண்டாம், அவ்வளவுதான். முதல் கலெக்ஷனை நீங்களே துணி போட்டுத் தைக்கவும் வேண்டாம். காரணம் சாயப்பட்டறை. சாயம் போடும் பாத்திரத்துக்கு ஒரு அளவு உண்டு, ஒரு கலருக்கு நூறு கிலோவாவது கேட்பார்கள். நூறு கிலோ என்றால் 500 பீஸ். ஐந்து கலர் வேண்டும் என்றால் 2,500 பீஸ். 142 வீதம் 3,55,000 ரூபாய். பிராண்டின் பெயரே யாருக்கும் தெரியாத நேரத்தில் உங்கள் சேமிப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பணம் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்துவிடும். அதில் கறுப்பும் வெள்ளையும் போகும், மஸ்டர்டு மஞ்சள் நிற்கும். கடைசியில் காதர்பேட்டை மொத்தச் சந்தையில் கிலோ கணக்கில் தள்ளிவிட வேண்டியதுதான்.

திருப்பூரில் பிளெயின் டி-ஷர்ட் ரெடி ஸ்டாக்கில் கிடைக்கிறது. கலருக்கு இருபது முப்பது பீஸ்கூட எடுக்கலாம். உங்கள் டிசைனை மட்டும் பிரிண்ட் போடுங்கள். பீஸுக்கு லாபம் குறையும், பரவாயில்லை. எந்த டிசைன் போகிறது, எந்த சைஸ் போகிறது என்று தெரிந்துகொள்ளக் கொடுக்கும் விலை அது. ரொக்கத்துக்கு மட்டும் விற்றுப் பாருங்கள்.

29 ஜூன் 2025

நூல் கடனைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

நூல் ஏஜென்ட் முதல்முதலாக எனக்கு முப்பது நாள் கடன் கொடுத்தபோது எந்தக் காகிதமும் கேட்கவில்லை. நான் செக்கிங்கில் இருந்த கம்பெனியில் விசாரித்திருக்கிறார். 'அந்தப் பொண்ணு டேமேஜ் பீஸை உள்ளே விடாது' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு நாணயம் என்று பெயர். இதை வங்கியில் போட முடியாது, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் எல்லாவற்றையும்விட இது அதிகமாக வேலை செய்கிறது. நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், கொடுக்க முடியாத தேதியைச் சொல்லக் கூடாது. முப்பதாம் நாள் முடியாது என்றால் இருபத்தைந்தாம் நாளே போன் செய்து சொல்லிவிட வேண்டும். அவரும் அவர் பக்கத்தில் யாருக்கோ தேதி சொல்லியிருப்பார்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் இந்தப் பேச்சே வீண். இந்த ஊரில் விசாரிப்பது என்றால் யார் மகன், எந்த ஊர், யாருக்குச் சொந்தம், என்ன சாதி என்பதும் சேர்த்துத்தான். தோட்டத்தை விற்று மெஷின் வாங்கியவர்களுக்குப் பின்னால் மாமனும் மச்சானும் பங்காளியும் நின்றார்கள். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பார்ட்னராகச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பின்பலம் திருப்பூரை வளர்த்தது உண்மை. அது இல்லாதவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள், தலித் மக்கள், தனியாக நிற்கும் பெண்கள், அதே கடனுக்கு இரண்டு மடங்கு காலம் காத்திருந்ததும் உண்மை. உழைத்தால் முன்னுக்கு வரலாம் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வங்கிக்கும் போனேன். எந்த வங்கி என்பது வேண்டாம். புராஜெக்ட் ரிப்போர்ட்டை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது மேலாளர் முகம் என் கணவர் பக்கமே திரும்பியிருந்தது. அவர் மளிகைக் கடை வைத்திருப்பவர், ஓவர்லாக்குக்கும் பேட்லாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. 'அவங்களைக் கேளுங்க சார்' என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் பேச்சு என்னோடு நடந்தது.

30 ஜூன் 2025

மானியத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை புராஜெக்ட் போடலாம். இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம். பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். ஆனால் மானியம் கையில் வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். மானியம் வந்தால் அதை ரோலிங்கில் விடலாம் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.

20 ஜூலை 2025

பணம், கடன் என்றே எழுதிக்கொண்டிருப்பதால், 'அப்படியானால் பணம் உள்ளவன்தான் ஜெயிப்பானா' என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கோபம். இல்லை. பெரிய பணத்தோடு வந்து இரண்டே வருடத்தில் மெஷினை விற்றுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். முன்பு எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

பணம் காப்பாற்றாத இடம் ஒன்றைச் சொல்கிறேன். டி-ஷர்ட்டின் உடல் துணி ஒரு மாதிரி, கழுத்துப் பட்டைக்குப் போடும் ரிப் துணி ஒரு மாதிரி. இரண்டும் வேறு வேறு துணி என்பதால் ஒரே கலர் ரெசிப்பியிலும் சாயம் ஒரே மாதிரி ஏறாது. ரோலைப் பிரித்து ட்யூப் லைட்டின் கீழ் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நேவி ப்ளூவில் ரொம்ப ஏமாற்றும். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் வையுங்கள், ரிப் லேசாகச் சிவப்படித்து நிற்கும். நான் வேலை பார்த்த கம்பெனியின் செக்கிங் மாஸ்டர் காலை பத்து மணிக்கு மேல் வெளிச்சம் வந்த பிறகுதான் கலர் அப்ரூவல் கொடுப்பார். கலர் பார்க்கும் லைட் பாக்ஸ் வாங்கிய பிறகும் ஒரு தடவை வாசலுக்கு வராமல் கையெழுத்துப் போட மாட்டார்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெட்டும் வரை துணியின் குறை சாயப்பட்டறையின் பொறுப்பு, திருப்பி அனுப்பலாம், மறுசாயம் கேட்கலாம். கத்தி பட்டுவிட்டால் உங்கள் பொறுப்பு. காலையில் கட்டிங் மாஸ்டர் அவசரப்படுத்துவார், டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பார்ட்டி போனில் இருப்பார். அந்த நேரத்தில் 'ரிப்பை வெயிலில் காட்டுங்க' என்று சொல்லத் தெரிந்தவருக்கு அந்த வாரம் நஷ்டம் இல்லை. இந்த அறிவு எட்டு லட்சத்துக்கும் கிடைக்காது, எண்பது லட்சத்துக்கும் கிடைக்காது. யாரிடமாவது ஒரு வருடம் வேலை பார்த்தால் கிடைக்கும், அதுவும் சம்பளத்தோடு.

தம்பிக்கு: சனி, ஞாயிறு லீவுதானே. ஏதாவது ஒரு யூனிட்டில் செக்கிங் மேஜையில் நின்று பழகுங்கள். டிசைன் தெரிந்தவர் துணியையும் தெரிந்துகொண்டால் எங்களால் முடியாததை எல்லாம் செய்யலாம்.

9 ஆகஸ்ட் 2025

'ஐடியாவால் ஜெயித்தவர்களே இல்லையா?' என்று கேட்டு இரண்டு பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடலூர் சி.கே. ரங்கநாதன். குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு ஆரம்பித்தவர், 1983-இல். சாஷே என்ற சின்னப் பாக்கெட் யோசனை அவருடையது அல்ல, அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன் ஏற்கெனவே செய்துகாட்டியது. வீட்டிலேயே வெல்வெட் ஷாம்பு இருந்தது. மகன் செய்தது வேறு. கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பி, பையன்களை உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டச் செய்தார். எந்தக் கம்பெனியின் காலி சாஷே ஐந்து கொண்டு வந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். இந்த இரண்டாவது அறிவிப்பைத்தான் நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முதலில் ஷாம்பு பழக்கத்தை உண்டாக்கினார், பிறகு அந்தப் பழக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். எப்போது மாற்றுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடைத்தெருவில் நின்று பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

கோவை அருணாசலம் முருகானந்தம். மலிவாக சானிட்டரி நாப்கின் செய்யும் மெஷினை உருவாக்கியவர். நாப்கினுக்குள் இருப்பது வெறும் பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அப்புறம் மெஷினைச் செய்ய இன்னும் சில வருடம். ஊர் ஒதுக்கியது, மனைவியும் அம்மாவும் பிரிந்து போனார்கள். பத்மஸ்ரீ வந்தது 2016-இல். நாம் அந்தக் கடைசி ஆண்டிலிருந்து பின்னால் பார்த்து 'ஐடியா ஜெயித்தது' என்கிறோம். அவரோ நடுவில் இருந்த வருடங்களைக் கடந்து வந்தார். இன்னொன்றும் உண்டு. அவர் நாப்கின் விற்கப் பெரிய கம்பெனி கட்டவில்லை, மெஷினைச் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் கொடுத்தார். ஊர் ஊராகச் சரக்கு அனுப்பி, கடைக்காரர் பணத்துக்குக் காத்திருக்கும் வேலையே இல்லை. அவர் அதை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, என் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

28 ஆகஸ்ட் 2025

நேற்றிலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் கூடுதல் வரி. 7-ஆம் தேதி 25 ஆக இருந்தது இப்போது இரட்டிப்பு. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர் இது, அதில் கணிசமான பங்கு அமெரிக்காவுக்குப் போவது. தெரிந்த எக்ஸ்போர்ட் யூனிட்டில் தைத்து முடித்த சரக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பையர் தள்ளுபடி கேட்கிறார்.

'நீங்கள் உள்நாட்டு மார்க்கெட்தானே, உங்களுக்கு என்ன' என்று இன்று ஒருவர் கேட்டார். நிறைய இருக்கிறது. அமெரிக்க ஆர்டர் நின்றவர்கள் மெஷினைச் சும்மா வைக்க மாட்டார்கள். எங்கள் பார்ட்டிகளிடம் வருவார்கள், எங்களைவிட நல்ல ஃபினிஷிங்கில், எங்களைவிடக் குறைந்த விலைக்கு. நின்றுபோன எக்ஸ்போர்ட் சரக்கு காதர்பேட்டைக்கு வரும்.

இந்த ஊரில் தொழில் செய்பவருக்கு இது முதல் அடி அல்ல. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அது தேவையான தீர்ப்பு, சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அன்று சூப்பர்வைசராக இருந்த நான் பார்த்தது, வெள்ளைத் துணி ரோல் ரோலாகக் குடோனில் நிற்க, சாயம் போட லாரி வெளிமாநிலம் போய்வந்தது. பிறகு 2016 நவம்பரில் செல்லாத நோட்டு, அந்தச் சனிக்கிழமை சம்பளத்தை யாரும் மறக்க மாட்டார்கள். 2017-இல் ஜிஎஸ்டி. 2020-இல் ஊரடங்கு. 2022-இல் நூல் விலை ஏறிய வேகத்தில், வாங்கிய ஆர்டரை முடித்தால் நஷ்டம் என்ற நிலை. மே 16, 17 இரண்டு நாள் ஊரே கடையடைத்துப் போராடியது.

இத்தனையிலும் நின்றவர்கள் யார் என்று நேற்று ராத்திரி தெரிந்த யூனிட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். புத்திசாலிகளும் விழுந்திருக்கிறார்கள், சாதாரண ஆட்களும் நின்றிருக்கிறார்கள். நின்றவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று நான்கு பார்ட்டிகளாவது இருந்தார்கள், ஒருவரே பாதிக்கு மேல் இல்லை. கட்டடத்துக்குக் கடன் வாங்கவில்லை, வாடகையிலேயே இருந்தார்கள். வீட்டில் வேறு ஒரு வருமானம் இருந்தது, மாடோ, மளிகைக் கடையோ, மனைவியின் டீச்சர் வேலையோ. அந்த மளிகைக் கடை இல்லாவிட்டால் 2020-இல் நானும் மெஷினை விற்றிருப்பேன். ஆகவே தம்பி, உங்கள் ஐடி வேலையை எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்கள் மளிகைக் கடை அதுதான்.

24 செப்டம்பர் 2025

ஜிஎஸ்டி மாறியதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. 22-ஆம் தேதியிலிருந்து 2,500 ரூபாய் வரையுள்ள உடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்பு ஆயிரத்துக்கு மேல் போனால் 12 இருந்தது. 165 ரூபாய் டி-ஷர்ட்டுக்கு முன்பும் 5, இப்போதும் 5. ஆயிரத்துக்கும் 2,500-க்கும் நடுவில் ஹூடி, ஜாக்கெட் போடுபவர்களுக்கு நல்லது.

ஆனால் புதிதாக வருபவர்கள் வரி விகிதத்தைவிடத் தேதியைக் கவனியுங்கள். இந்த மாதம் பில் போட்டால் அடுத்த மாதம் 20-ஆம் தேதி வரியைக் கட்ட வேண்டும், பார்ட்டி பணம் கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும். 75 நாள் கடன் என்றால் வரியையும் நீங்கள்தான் முன்பணமாகப் போடுகிறீர்கள். 10 ஜூன் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12 அக்டோபர் 2025

போனஸ் வாரம். தீபாவளி 20-ஆம் தேதி. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், பேசி முடிக்கும்போது அதற்கு மேலும் போகும். இதை அக்டோபரில் வரும் செலவாக நினைப்பவர்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் நகையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பீஸ் விலை போடும்போதே தையல் கூலியோடு சேர்த்துவிட வேண்டும். இந்த வருடம் எங்கள் யூனிட்டில் ஊருக்குப் போகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமையே கொடுத்து அனுப்பிவிட்டேன். ரயில் டிக்கெட் எடுத்தவர்களைப் பணத்துக்குக் காத்திருக்க வைக்க மனம் வரவில்லை.

2 நவம்பர் 2025

பணம் வராமல் போனால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இது எனக்கு மிகவும் வேண்டிய விஷயம்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் இணையத்தில் புகார் போட வழி சொல்வார்கள். தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போக வேண்டும் என்றால் பார்ட்டி 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இதற்கெல்லாம் உத்யம் பதிவு, அதாவது சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் பதிவு வேண்டும், அது இலவசம். ஐந்நூறு ஆயிரம் கேட்பவர் இடைத்தரகர்.

வருமானவரிச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்ந்தது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு அந்த நாட்களுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை பார்ட்டி தன் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதற்குப் பிறகு மார்ச் மாதத்தில் எனக்கு வரும் பணம் கூடியிருக்கிறது, அது நல்ல மாற்றம். ஆனால் சில பார்ட்டிகள் 'உத்யம் இல்லாத ஆளிடம் வாங்கிக்கொள்கிறோம்' என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

அப்புறம் ஏன் நிறைய பேர் புகார் போடுவதில்லை? நானும் ஒரு பார்ட்டிமேல் போடவில்லை. பெயர் வேண்டாம். சரக்கு எடுத்து நான்கு மாதம் கழித்து, 'சைஸ் அளவு குறைவு' என்று பணத்தைக் கழித்து டெபிட் நோட் அனுப்பினார்கள், பில்லில் எட்டில் ஒரு பங்கு. அவர்கள் கொடுத்த அளவுத் தாளின்படி ஒவ்வொரு பெட்டியிலும் பீஸ் எடுத்து அளந்து கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். காட்டினேன். 'சரிங்க, அடுத்த ஆர்டரில் பார்த்துக்கலாம்' என்றார்கள். அடுத்த ஆர்டர் என்ற வார்த்தையை வைத்து எத்தனை பேருடைய பணத்தை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. புகார் போட்டால் அந்தத் தெருவில் இருக்கும் மற்ற பார்ட்டிகளுக்கும் செய்தி போகும். ஐந்து பார்ட்டி இருக்கும் யூனிட்டால் ஒருவரை இழக்க முடியும். ஒரே பார்ட்டியை நம்பி இருக்கும் பெண்ணால் முடியாது. சட்டத்தைப் பயன்படுத்தவே ஒரு பலம் வேண்டியிருக்கிறது, அந்தப் பலம் இல்லாதவர்களுக்காகத்தான் சட்டமே எழுதப்பட்டது. சங்கங்கள் உறுப்பினர் பெயரை வெளியே சொல்லாமல் மொத்தமாகப் புகார் எடுத்துப் போக ஒரு வழி செய்ய வேண்டும் என்று கூட்டங்களில் பேசி வருகிறேன். இதைப் படிக்கும் யூனிட்காரர்கள் உங்கள் சங்கத்திலும் பேசுங்கள்.

அந்தப் பார்ட்டியுடன் பிறகு தொழில் செய்யவில்லை. இப்போது புதுப் பார்ட்டி என்றால் முதல் இரண்டு ஆர்டருக்குப் பாதி அட்வான்ஸ், மீதி சரக்கு எடுக்கும்போது. 'எங்களை நம்பலைங்களா' என்பார்கள். 'நம்புறேனுங்க, சனிக்கிழமை சம்பளம் கொடுக்கணுமுங்க' என்பேன். ஒப்புக்கொள்பவர்கள் நல்ல பார்ட்டிகளாகவே அமைகிறார்கள்.

6 நவம்பர் 2025

தம்பி முதல் லாட் பிரிண்ட் போட்டுவிட்டார் என்று படம் போட்டிருக்கிறார். வேலையை விடவில்லை. டிசைன் அருமையாக இருக்கிறது, அந்த இரண்டாவது கறுப்பு டி-ஷர்ட் எனக்கே வேண்டும். பணம் கட்டித்தான் வாங்குவேன்.

எந்த சைஸில் எத்தனை எடுப்பது என்று கேட்டிருக்கிறார். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சமமாக எடுக்காதீர்கள். 1:2:2:1 என்று ஆரம்பியுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் ஐடி ஆட்கள் என்றால் எஸ்-ஐக் குறைத்து எக்ஸ்எல்-ஐக் கூட்டுங்கள். ஆன்லைனில் திரும்பி வரும் பீஸில் பாதி சைஸ் தகராறாகத்தான் இருக்கும், அதனால் மார்பு அளவையும் நீளத்தையும் அங்குலத்தில் படத்தோடு போடுங்கள். அந்த அளவை ஒரு தடவை துவைத்துக் காயவைத்த பிறகு எடுங்கள். காம்பாக்டிங் சரியில்லாத துணி முதல் துவைப்பிலேயே நீளத்தில் ஒரு அங்குலம் சுருங்கும். அப்படிச் சுருங்கினால் அந்த ஸ்டாக்காரரிடம் அடுத்த லாட் எடுக்காதீர்கள்.